கொம்பனி ஊருக்கு வருகிறது, கையெழுத்து வைக்கலாமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: மருந்துக் கொம்பனிகள், அவை செய்யும் ஆய்வுகள், ஊருக்குத் தருவதாகச் சொல்லும் உதவிகள். திருகோணமலை மாவட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகங்களில் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். ஒரு மருந்து எப்போது வந்து சேர்கிறது, எப்போது நின்றுபோகிறது என்பதை முதலில் காண்பவர்கள் நாங்கள்தான். அதனால் எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்ற வழக்கமான கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை முழு இடத்தையும் இதற்கே தருகிறேன்.

மிஸ், வெளிநாட்டு மருந்துக் கொம்பனி ஒன்றின் பணத்தில் எங்கள் ஊரில் மூன்று வருடம் சீனி வருத்தம் பற்றி ஆய்வு செய்யப் போகிறார்களாம். வீடு வீடாக வந்து இரத்தம் எடுப்பார்கள். பதிலுக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றும், கிளினிக் கட்டடத் திருத்த வேலையும் செய்து தருவார்களாம். எங்கள் சங்கம் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். வீடு தேடி வந்த சீதேவியை உதைக்காதே என்று பாதிப் பேரும், எங்கள் இரத்தத்தை விற்கப் போகிறார்கள் என்று மீதிப் பேரும் சொல்கிறார்கள். கடிதம் கொடுக்கலாமா?
– கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர், மூதூர்ப் பக்கம்

தம்பி, கொடுக்கலாம். ஆனால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

அந்தக் கடிதம் எதைச் சொல்லலாம் என்பதில் சங்கம் முதலில் தெளிவாக இருக்க வேண்டும். "நீங்கள் ஊருக்குள் வந்து வேலை செய்வதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று எழுதலாம். அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். ஊரில் எவருடைய இரத்தத்துக்கும் சங்கம் சம்மதம் தர முடியாது. பள்ளிவாசல் நிர்வாகமோ கோயில் தர்மகர்த்தாவோ கூடத் தர முடியாது. ஒவ்வொரு ஆளிடமும் அவருக்கு விளங்கும் மொழியில் ஆறுதலாகச் சொல்லி, தனித்தனியாகத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்துக் கம்மம் மாவட்டத்தில் நடந்தது அப்படி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைக் கொம்பனி இலவசமாகக் கொடுத்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பெண் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரின் இடத்தில் விடுதிப் பொறுப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் இந்திய நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசிதான். 2017 முதல் நம் பள்ளிக்கூடங்களிலும் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். சம்மதம் வாங்கிய விதம் பிழைத்ததில், அந்த நல்ல ஊசியின் மேலேயே சனத்துக்குப் பயம் வந்துவிட்டது.

அடுத்தது அந்தத் தண்ணீர் இயந்திரம். இரத்தத்தையும் தண்ணீரையும் ஒரே தாளில் எழுத விடாதீர்கள். இரத்தம் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன வீட்டுக்கும் அதே குழாயில் அதே தண்ணீர் வர வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாகத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கியது போலாகிவிடும். அப்புறம், இயந்திரம் வைத்துத் தருவது சுலபம். உள்ளே இருக்கும் வடிகட்டிச் சவ்வைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும், பம்புக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும், வடிகட்டி மிஞ்சும் உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்று பார்க்க வேண்டும். மூன்று வருடம் முடிந்து அவர்கள் போன பிறகு இதையெல்லாம் யார் செய்வது? பூட்டிக் கிடக்கும் தண்ணீர்க் கூண்டுகளை நம் மாவட்டத்தில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். முன்னால் பெயர்ப் பலகை மட்டும் பளபளவென்று இருக்கும்.

ஆய்வில் சேருகிறவர்களுக்குக் கெடுதி வராதா, சம்மதம் ஒழுங்காக வாங்கப்படுகிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவ பீடங்களில் அப்படிக் குழுக்கள் இருக்கின்றன; அனுமதிக் கடிதத்தில் இலக்கமும் திகதியும் இருக்கும். அதன் பிரதி ஒன்று உங்கள் சங்கக் கோப்பில் கிடக்கட்டும். புது மருந்து கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை என்றால், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அதிகாரசபை அது. அத்தகைய பரிசோதனைகளுக்கென்று 2006 முதல் இலங்கையில் பொதுப் பதிவேடு ஒன்றும் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம், உங்கள் ஊர் ஏ.எல். பிள்ளை ஒன்று ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தரும்.

இனி என் தொழில் சார்ந்த கேள்வி. வீடு வீடாகப் போய்ச் சோதித்தால், தனக்குச் சீனி இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள் நிறையப் பேர் அகப்படுவார்கள். நல்லதுதான். ஆனால் அவர்களுக்குக் குளிசை யார் கொடுப்பது? கொம்பனி ஆட்கள் "மூதூர் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அனுப்பி வைப்போம்" என்பார்கள். ஆஸ்பத்திரிகள் தங்களுக்கு என்ன மருந்து எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே வருடாந்த மதிப்பீடு எழுதி மருத்துவ வழங்கல் பிரிவுக்கு அனுப்புகின்றன. அந்தக் கணக்கில் இல்லாத ஒரு கூட்டம் திடீரென்று வரிசையில் வந்து நின்றால், இரண்டு மாதத்துக்குக் கொடுக்கும் மெற்போர்மின் என்ற சீனிக் குளிசையை ஒரு மாதத்துக்குக் கொடுத்து இழுக்க வேண்டி வரும். பழைய நோயாளிக்கும் குறையும், புது நோயாளிக்கும் குறையும். ஆகவே ஆய்வு தொடங்கும் முன்பே பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருடனும் ஆஸ்பத்திரி மருந்தகத்துடனும் கதைத்தார்களா என்று கேளுங்கள். இதைக் கேட்கும் ஊரைக் கண்டால் அவர்களுக்கும் மரியாதை வரும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, ஆய்வு வெற்றி பெற்றால் பலன் நமக்குக் கிடைக்குமா என்பது. நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு, அதை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கும். அலரி விதை நஞ்சேறியவர்களின் இதயத்துடிப்பு தாறுமாறாகும். அதற்கு ஒரு நஞ்சு முறிப்பு மருந்து இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று இலங்கை நோயாளர்களில் சோதித்தார்கள். நன்றாக வேலை செய்தது, 2000ஆம் ஆண்டில் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் முடிவும் வந்தது. ஆனால் விலை நமக்கு எட்டவில்லை. சில வருடங்களுக்குள் கையிருப்பு தீர்ந்தது, திரும்ப வரவில்லை, இறப்பு மறுபடி ஏறியது. ஏறியது என்பதையும் ஆராய்ச்சியாளர்களே 2003இல் அதே சஞ்சிகையில் எழுதினார்கள். உயிரைக் காக்கும் என்று நம் நோயாளர்களை வைத்து நிரூபித்த மருந்து, நம் நோயாளர்களுக்கு இல்லாமல் போனது. எனவே உங்கள் ஊர் ஆய்விலிருந்து ஒரு மருந்தோ சோதனைக் கருவியோ வந்தால், அது இந்த மாவட்டத்துக்கு என்ன விலைக்கு, எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்று இப்போதே கேளுங்கள். "அதைப் பிறகு பார்ப்போம்" என்பது பதில் அல்ல.

இரத்தத்தை விற்பார்கள் என்று பயப்படுகிறவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லாதீர்கள். எடுப்பது இரண்டு மூன்று தேக்கரண்டி இரத்தம், அதை யாரும் சந்தையில் விற்பதில்லை. ஆனால் அதிலிருந்து எடுக்கும் தகவலுக்கு மதிப்பு உண்டு. மாதிரியை எந்த ஆய்வுகூடத்தில், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? வெளிநாட்டுக்குப் போகுமா? நாளைக்கு வேறொரு ஆய்வுக்கு எடுக்க வேண்டுமானால் திரும்பவும் உங்களிடம் கேட்பார்களா? பயப்படுகிறவர்கள் கேட்பது உண்மையில் இந்தக் கேள்விகளைத்தான்.

2017 டெங்குவில் என் மூத்த மகனை ஒருவாறு காப்பாற்றி எடுத்தோம். டெங்குத் தடுப்பூசியை இலங்கைப் பிள்ளைகளில் பரிசோதித்தார்கள் என்று இப்போது கேள்விப்படுகிறேன். நம் பிள்ளைகளைச் சோதனை எலியாக்கி விட்டார்களா, அன்ரி?
– ஒரு தாய், உப்புவெளி

மகள், அந்த வருடத்தை மறக்க முடியுமா? மார்ச் மாதம் கிண்ணியா பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. நாடு முழுவதும் அந்த ஒரு வருடத்தில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. ஜப்பானின் டகேடா கொம்பனி தன் தடுப்பூசியை 2016இல் தொடங்கி 8 நாடுகளில், 4 முதல் 16 வயது வரையான 20,000 பிள்ளைகளில் பரிசோதித்தது. இலங்கையும் அந்த எட்டில் ஒன்று. பெற்றோர் சம்மதத்தோடு, பதிவு செய்து, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து நடந்த ஆய்வு அது. அதை எலிச் சோதனை என்று நான் சொல்ல மாட்டேன். டெங்கு இல்லாத நாட்டில் டெங்கு ஊசியைச் சோதிக்க முடியாது. நம் நுளம்பு, நம் வைரஸ், நம் பிள்ளைகளின் உடம்பு, இவற்றில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் நமக்கு உதவும்.

அப்படிப் பார்க்காமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சாட்சி. சனோபி கொம்பனியின் முந்தைய டெங்கு ஊசியை அங்கே 800,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார்கள். முன்பு ஒரு தடவையும் டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசி போட்டால், பிறகு டெங்கு வரும்போது கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் அந்தக் கொம்பனியே அறிவித்தது. தாய்மார் கொதித்துப் போனார்கள். அதன் பிறகு சின்னமுத்து ஊசிக்குக்கூடப் பிள்ளையைக் கொண்டுபோகத் தயங்கினார்கள்.

டகேடா ஊசியின் கணக்கு இது: மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசி. நாலரை வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், ஆஸ்பத்திரியில் மறிக்க வேண்டிய அளவு டெங்குவை 84 சதவீதம் தடுத்தது. ஆனால் முன்பு டெங்கு வராத பிள்ளைகளில், டெங்கு வைரஸின் நான்கு வகைகளில் மூன்றாவது வகைக்கு அது பாதுகாப்புத் தந்ததாகக் காணவில்லை. நான்காவது வகை பற்றி முடிவு சொல்லப் போதிய நோயாளர் இருக்கவில்லை. கடுமையாகப் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், 2024 மே மாதம் அதற்கு முன்தகுதியும், அதாவது தரம் பார்த்துத் தரும் அங்கீகாரமும், கொடுத்தது. நம் பிள்ளைகள் கையை நீட்டி நின்று கண்டுபிடிக்க உதவிய ஊசி இது. அதை நியாயமான விலைக்குக் கேட்பதற்கு இந்த நாட்டுத் தாய்மாருக்கு முழு உரிமையும் இருக்கிறது. சுகாதார அமைச்சு பேரம் பேசும்போது அதை மேசையில் வைத்துப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

மருந்துக் கொம்பனி என்றாலே லாபம்தான். உண்மையாகவே நன்மை செய்த ஒன்றைக் காட்ட முடியுமா?
– ஆசிரியர், கிண்ணியா

முடியும் சேர், நான் கையால் எடுத்துக் கொடுத்ததையே காட்டுகிறேன்.

தொழுநோய்க்குக் கொடுக்கும் அட்டை ஒன்று இருக்கிறது. 28 நாளுக்கான குளிசைகள் வரிசையாக அடைத்த அட்டை. முதல் நாளுக்குரியவற்றை ஆஸ்பத்திரியிலேயே, எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும்: ரிபம்பிசின் இரண்டு, குளோபசமின் மூன்று, டப்சோன் ஒன்று. மிச்சம் வீட்டில், நாளொன்றுக்கு ஒரு குழி. வருத்தத்தின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். ரிபம்பிசின் போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். அதை முதலே சொல்லாவிட்டால், இரத்தம் போகிறதென்று பயந்து அட்டையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். குளோபசமின் தோலைக் கறுக்க வைக்கும். கலியாணம் பேசியிருந்த ஒரு பிள்ளை அதற்காகவே மருந்தை நிறுத்தப் போகிறேன் என்று ஜன்னலில் நின்று அழுதாள். நிறம் திரும்பி வரும், மரத்துப்போன விரல் திரும்பி வராது என்று சொல்லிச் சொல்லித்தான் முடிக்க வைத்தோம். முடித்தாள், கலியாணமும் நடந்தது.

அந்த அட்டை ஒவ்வொன்றும் 2000ஆம் ஆண்டு முதல் நோவார்டிஸ் கொம்பனி உலக சுகாதார நிறுவனத்தின் ஊடாக உலகம் முழுவதற்கும் இலவசமாகத் தருவது. அதற்கு முன் 1995 முதல் ஜப்பானின் நிப்பொன் அறக்கட்டளை அதற்குக் காசு கொடுத்தது. யானைக்கால் நோயும் அப்படித்தான். ஊர் ஊராக எல்லோருக்கும் கொடுத்த குளிசைகளில் ஒன்றான அல்பெண்டசோலை ஜிஎஸ்கே கொம்பனி நன்கொடையாகத் தருகிறது. 2016இல் இலங்கை அந்த நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது.

இந்த உதவிகள் ஏன் பலித்தன என்று யோசித்துப் பாருங்கள். மருந்து அரசாங்கக் கிளினிக் வழியாகவே வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பிஎச்ஐயும் மிட்வைஃபும் தெரிந்த முகங்கள். ஒரு வருடம் தந்துவிட்டுப் போகாமல், நோய் தீரும் வரை தந்தார்கள்.

நான் தம்பலகாமத்தில் வயல் செய்கிறவன். போன மாரியில் வயலுக்குள் நின்ற என் மைத்துனர் காய்ச்சல் என்று படுத்தவர், நுரையீரல் முழுக்கச் சீழ் கட்டி ஐசியூ வரை போனார். மெலியோய்டோசிஸ் என்றார்கள். அதற்கு ஏன் ஒரு கொம்பனியும் ஆராய்ச்சி செய்வதில்லை?
– விவசாயி, தம்பலகாமம்

அண்ணா, மைத்துனர் பிழைத்தாரே, அதுவே பெரிய விஷயம்.

அது மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமி. மாரி மழையில் மேலே வரும், காலில் உள்ள புண் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். சீனி வருத்தம் இருக்கும் கமக்காரரைத்தான் தேடிப் பிடிக்கும். தடுப்பூசி கிடையாது. வைத்தியம் இருக்கிறது: முதலில் செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி, பிறகு குறைந்தது மூன்று மாதம் கோட்ரைமொக்சசோல் குளிசை. மைத்துனர் அந்த மூன்று மாதத்தை முடித்தாரா என்று தயவுசெய்து பாருங்கள். காய்ச்சல் விட்டதும் குளிசையை விட்டால் திரும்ப வரும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்த மருந்துப் பெயர்களிலேயே இருக்கிறது. எல்லாம் பழைய மருந்துகள், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. நோயாளி சேற்றில் நிற்கும் ஏழை விவசாயி. போட்ட காசு திரும்பாத இடத்தில் கொம்பனி காசு போடாது. பாம்புக்கடியிலும் இதையே கண்டோம். ஆபிரிக்கப் பாம்புகளுக்கான நல்ல விஷமுறிவு மருந்து ஒன்றைச் செய்துவந்த பெரிய கொம்பனி, லாபமில்லை என்று 2014இல் உற்பத்தியை நிறுத்தியது.

ஆனால் கொம்பனி வராவிட்டால் ஆராய்ச்சி நடக்காது என்று நினைக்காதீர்கள். நாம் பாவிக்கும் இந்திய விஷமுறிவு மருந்து தூளாக வரும், தண்ணீர் விட்டு நுரைக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அதை ஏற்றும்போது பலருக்கு உடம்பு நடுங்கி, மூச்சு முட்டி, பிரஷர் விழும். முதலில் கொஞ்சம் அட்ரினலின் போட்டால் இது குறையுமா என்று இலங்கை வைத்தியர்கள் நம் ஆஸ்பத்திரிகளிலேயே 1,007 நோயாளர்களில் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான எதிர்விளைவுகள் குறைந்தன. அட்ரினலின் மிக மலிவு, அதை நிரூபித்து எந்தக் கொம்பனியும் பணக்காரராகப் போவதில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பொதுப்பணம் வேண்டும் என்கிறேன். மெலியோய்டோசிஸுக்கும் அதுவே வழி. தம்பலகாமம் கமக்காரர் சங்கம் ஒரு தீர்மானம் எழுதி மாகாண சுகாதார அமைச்சுக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பட்டும்.

இதற்கிடையில், காலில் புண் இருந்தால் மூடிக்கட்டிச் சப்பாத்துப் போட்டு இறங்குங்கள். பெரும்போகக் காலத்தில் காய்ச்சல் வந்தால், "நான் வயல்காரன், எனக்குச் சீனி இருக்கு" என்ற இரண்டையும் டொக்டரிடம் முதல் வாயிலேயே சொல்லி, இரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

நிலாவெளியில் இலவசச் சீனிப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். சோதித்துவிட்டு ஒரு குறிப்பிட்ட கொம்பனிக் குளிசையின் பெயரை எழுதித் தந்தார்கள். கடையில் விலை கேட்டுத் தலை சுற்றுகிறது.
– மீன்பிடிக் குடும்பத்துப் பெண், நிலாவெளி

தங்கச்சி, அந்தத் துண்டைக் கொண்டு கடைக்குப் போகாதீர்கள், அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். வெறும் வயிற்றில் இன்னொரு தடவை சோதித்து, வேண்டுமானால் மருந்தை அங்கேயே காசில்லாமல் தருவார்கள். வெளியில் வாங்கியே ஆக வேண்டுமானால் மருந்தின் பொதுப் பெயரை எழுதித் தரச் சொல்லி, அரச மருந்துக் கடையான ஒசுசலவில் விலை கேளுங்கள். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உண்டாக்கியதே இதற்காகத்தான்: தேவையான மருந்து, பொதுப் பெயரில், வாங்கக்கூடிய விலையில். சோதித்துச் சொன்னதற்கு முகாம்காரருக்கு நன்றி சொல்லலாம், குளிசை அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை.

நான் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். எங்கள் தாத்தா பரிகாரியார். அவருடைய ஏடுகளைப் படம் எடுத்து ஆராயக் காசு தருவதாக ஒரு மூலிகை மருந்துக் கொம்பனி கேட்கிறது. கொடுக்கலாமா?
– மாணவி, கோணேசபுரி

பிள்ளை, கொம்பனிக்குக் காட்டும் முன் நீங்களே முழு ஏட்டையும் படம் எடுத்து, திகதி போட்டு, ஒரு பிரதியை உங்கள் பீடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். அப்புறம்தான் பேச்சு.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது நம் ஆச்சிமார் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1995இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். பழைய நூல்களைக் காட்டி இந்திய ஆராய்ச்சி மன்றம் வாதாடி 1997இல் அதை ரத்துச் செய்ய வைத்தது. வேம்புக்குக் கொடுத்த காப்புரிமையை எதிர்த்த வழக்கு ஐரோப்பாவில் 2005 வரை இழுத்தது. இந்தியா 2001இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு நூலகத்தில் சித்த மருத்துவ முறைகளும் பதிவாகியிருக்கின்றன. எழுத்திலும் திகதியிலும் இருந்தது வென்றது, வாயில் மட்டும் இருந்ததை நிரூபிக்கப் பெரும்பாடு பட வேண்டும்.

தென்னாபிரிக்காவில் சான் என்ற பழங்குடி மக்கள் காலம் காலமாகப் பசியடக்கச் சப்பி வந்த ஒரு செடிக்கு, அவர்களைக் கேட்காமலேயே காப்புரிமை எடுத்தார்கள். போராடி 2003இல் பங்கு ஒப்பந்தம் வாங்கினார்கள். 2017இல் தங்களிடம் வரும் ஆராய்ச்சியாளர்களுக்குத் தாங்களே விதிமுறை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில் "இந்தக் கொம்பனிக்கு மட்டும்" என்ற சொல் எங்கே வந்தாலும் கையெழுத்து வைக்க வேண்டாம். தாத்தாவின் பெயரும் ஊரும் ஒவ்வொரு வெளியீட்டிலும் இருக்க வேண்டும், மருந்து விற்றால் பங்கு வர வேண்டும். ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் முற்பணம் ஒரு சதமும் வாங்காதீர்கள். தாத்தா சுகமாக இருக்கிறாரா? ஏட்டில் இல்லாத பக்குவங்களையும் அவரிடம் கேட்டு இந்த விடுமுறையிலேயே எழுதி வையுங்கள்.

சம்பூரில் வீட்டோடு இருக்கிறேன், ஏ.எல். உயிரியல் பாஸ். ஒரு ஆய்வுத் திட்டத்தில் தகவல் சேகரிக்கும் வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். கொம்பனிக் காசு என்று அப்பா யோசிக்கிறார். போகலாமா அக்கா?
– யுவதி, சம்பூர்

போங்கள். அப்பாவுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பிராந்தியத்தில் முதலீடு என்று கொம்பனிகள் சொல்லும்போது நான் முதலில் தேடுவது கட்டடத்தை அல்ல, ஆளை. ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் தொழில் படித்து வெளியே வருகிறார்கள்? குளிர் குறையாமல் மாதிரியைப் பெட்டியில் அடைக்க, சம்மதப் படிவத்தை எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி வைத்துப் படித்துக் காட்ட, பிழையாக எழுதியதை வெள்ளை மை பூசாமல் ஒற்றைக் கோடு கிழித்துத் திகதி போட்டுத் திருத்த, இவற்றையெல்லாம் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளை நாளைக்கு எந்த ஆய்வுக்கும் போகலாம். மெலியோய்டோசிஸ் ஆய்வு இங்கே என்றைக்காவது தொடங்கினால், அதற்கும் உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும்.

சேரும்போது மூன்று விஷயம் கேளுங்கள். மனிதரில் ஆய்வு செய்வதற்கான சர்வதேச நல்லாய்வு நடைமுறைப் பயிற்சியும் சான்றிதழும் தருவார்களா? பயணச் செலவு சம்பளத்துக்குப் புறம்பா? பின்னேரம் தனியாகப் போக வேண்டிய வீடுகளுக்குத் துணை தருவார்களா? கடைசியாக ஒன்று: வீடு வீடாகப் போகும்போது யாராவது "வேண்டாம் பிள்ளை, நான் இரத்தம் தரமாட்டேன்" என்றால், ஏன் என்று துருவாமல் "சரி அம்மா" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். எண்ணிக்கை குறைகிறதென்று மேலே இருந்து நெருக்கினால், அந்தப் படிவத்தின் அடியிலேயே நெறிமுறைக் குழுவின் தொலைபேசி இலக்கம் இருக்கும். அதற்கு நீங்களும் அழைக்கலாம்.